டர்போவும் டீசல் செலவும்
ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் செம்மண் தடங்களில் ஓடும் பழைய டொயோட்டா லேண்ட் குரூசர்கள் பலவற்றில், 1990-இல் அறிமுகமான 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் 1எச்இசட் டீசல் எஞ்சின் உள்ளது. டர்போ இன்றி வெளிவந்த இந்த எஞ்சினுக்குப் பின்னாளில் டர்போ பொருத்திக்கொள்வோர் அங்கு ஏராளம். டர்போ என்பது, எரிபொருள் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரத்தின் மூலம் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தும் கருவியாகும்.

டீசல் எஞ்சினின் திறனைத் தீர்மானிப்பது உள்ளே செல்லும் டீசலின் அளவே என்பதால், டர்போவைப் பொருத்துபவர் பெரும்பாலும் எரிபொருள் பம்பையும் திருத்தியமைக்கிறார். சிக்கனம் கைகூடுவதும் கைநழுவுவதும் இங்குதான். முன்பு கரும்புகை கக்கியபடி கீழ் கியரில் ஏறிய மேட்டை, அதே வண்டி இப்போது மேல் கியரில், குறைந்த சுழற்சியில், டீசல் முழுமையாக எரிய ஏறும்போது செலவு சற்றுக் குறையக்கூடும். ஆனால் கிடைத்த வலுவை வேகத்துக்குச் செலவிட்டால், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், அந்த மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். சமதரையில் நிதானமாக ஓடும் வண்டிக்குப் பெரிய ஆதாயமில்லை. டீசலை மிகையாகத் திறந்துவிட்டால் புகையின் வெப்பம் ஏறிப் பிஸ்டனே பழுதாகக்கூடும் என்பதால், புகைக்குழாயில் ஒரு வெப்பமானியையும் சேர்த்துப் பொருத்துவது மிக அவசியம்.