கல் ஒன்றும் செய்யாது... கல்தூசி?

உங்கள் சமையல் மேடை கிரானைட்டா? பலகையாக இருக்கும்வரை ஆபத்தில்லை. மெஷினால் அறுக்கும்போதுதான் சிக்கல். கல்லிலுள்ள சிலிக்கா நுண்தூசியாகப் பறக்கும். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். சுமார் 4 மைக்ரானுக்கும் சிறிய தூசியோ கண்ணுக்கே தெரியாமல் நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கிவிடும்.

பல வருடங்கள் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரலாம். தழும்பேறிய நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. வராமல் தடுப்பதே வழி. தண்ணீர் விட்டு அறுக்கும் மெஷினில் தூசி பெருமளவு அடங்கிவிடும். கர்சீஃப் போதாது, முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 மாஸ்க்காவது தேவை. வேலை உடுப்பை வீட்டில் உதறாமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

அடுத்தமுறை வீட்டில் கல் வேலை நடந்தால், “தண்ணி விட்டே அறுங்கண்ணே” என்று நீங்களே சொல்லுங்கள். தண்ணீரும் எடுத்துக் கொடுங்கள்.