உயிரணு காக்கும் நினைவு

சின்னசேலம் வட்டாரத்தில் மரவள்ளித் தண்டைக் கரணைகளாக நறுக்கி நடுவர். கரணை செடியாவது உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதாலேயாம். பிரிவுக்கு முன் டி.என்.ஏ.யின் ஈரிழைகளும் விலக, ஒவ்வொன்றும் புதிய துணையிழையைப் பெறுகிறது. பல மரபணுக்களை அடக்கிவைக்கும் மெத்தில் குறிகள் பழைய இழையில் உள, புதியதில் இல. பழையதை நோக்கிப் புதியதில் குறியிடும் நொதி உண்டென ஹாலிடே, பியூ இருவரும், தனித்து ரிக்ஸும் 1975-இல் முன்மொழிந்தனர். பின்னர் அது மெய்ப்பிக்கப்பட்டது. டி.என்.ஏ. சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் புரதங்களும் தம் குறிகளோடு இரு படிகளுக்கும் பங்கிடப்படுகின்றன. இவ்வாறே அணு தன் தன்மையைக் காக்கிறது.

எனினும் இக்குறிகள் அழியாதவை அல்ல. மனிதக் கருவின் தொடக்க நாட்களில் மெத்தில் குறிகளுள் பெரும்பாலானவை நீங்கிப் பின்னர் புதிதாக இடப்படுகின்றன. ஆதலின், முன்னோர் சாபம் பிள்ளைகளின் அணுக்களில் பதிந்துள்ளதெனப் பிரசங்கிக்க இவ்வறிவியலை நாம் சான்றாக்கலாகாது.