தூக்கத்தை விரட்டும் போலிச் சாவி!

நாளைக்குக் கணக்குப் பரீட்சை. இன்னும் இரண்டு பாடம் பாக்கி. "அம்மா, ஸ்ட்ராங்கா ஒரு டீ!" என்று குரல் கொடுக்கிறீர்களா குட்டீஸ்? கொஞ்சம் பொறுங்கள். அந்த டீ உங்கள் தலைக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மூளைச் செல்களில் அதற்கென்றே பூட்டு மாதிரி சில இடங்கள் உண்டு. அடினோசின் என்ற சாவி அவற்றில் நுழைந்ததும், 'போதும்ப்பா, படு' என்ற சேதி கிளம்பும். கொட்டாவி வரும். கண் சொக்கும்.

டீ, காபி, கோலா, சாக்லேட் எல்லாவற்றிலும் இருக்கும் காஃபின் ஒரு போலிச் சாவி! பூட்டுக்குள் நுழைந்துகொள்ளும், ஆனால் திறக்காது. அசல் சாவியையும் உள்ளே விடாது. களைப்பு பறந்துவிட்டது என்று நாம் நினைப்போம். களைப்பு அப்படியேதான் இருக்கிறது. மூளைக்குச் சேதி போகவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காஃபினைக் கண்டுபிடித்ததற்குப் பின்னால் ஒரு பூனை இருக்கிறது. 1819ல் ஜெர்மனியில் ருங்கே என்ற இளம் விஞ்ஞானி, புகழ்பெற்ற கவிஞர் கதேயைப் பார்க்கப் போனார். கையில் ஒரு பூனை! ஒரு விஷச்செடியின் சாறு பட்டால் பூனையின் கண்மணி எப்படி விரிகிறது என்று காட்டினார். வியந்துபோன கதே, ஒரு பிடி காபிக்கொட்டையைக் கொடுத்து, 'இதையும் ஆராய்ந்து பார்' என்றாராம். அதிலிருந்து ருங்கே பிரித்தெடுத்ததுதான் காஃபின். (பாவம் பூனை!)

காஃபின் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போகாது. பெரியவர்கள் மாலை 6 மணிக்குக் காபி குடித்தால், அதிலுள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். உங்கள் உடம்போ சின்னது. அதே ஒரு டம்ளர் உங்களுக்கு இன்னும் அதிகம். பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்துவது தூக்கத்தில்தான் என்பதால், ராத்திரி டீ குடித்து விழித்திருப்பது பரீட்சைக்கே வேட்டு வைக்கும்.

டீ மட்டுமா? பத்து மணிக்குப் பரோட்டா, சால்னா என்று ஒரு பிடி பிடித்துவிட்டு உடனே படுத்தாலும் வம்புதான். எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு நகர அதிக நேரம் பிடிக்கும். படுத்த நிலையில் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறி, நெஞ்சு எரியும். அதற்காகப் பட்டினியாகவும் படுக்காதீர்கள். பசியும் எழுப்பிவிடும். எட்டு மணிக்குள் இட்லியோ இடியாப்பமோ அளவாகச் சாப்பிட்டால் போதும்.

சரி, பாட்டி தரும் பால்? அதில் தூக்கத்துக்கு உதவும் டிரிப்டோபேன் உண்டு. ஆனால், ஒரு டம்ளரில் இருப்பது ரொம்பக் கொஞ்சம். சூடும் பழக்கமும்தான் கண்ணைச் சொக்க வைக்கின்றன போலும். பாட்டி கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். சாக்லேட் பவுடர் கலந்து கேட்காமல் இருந்தால் சரி. அதிலும் கொஞ்சம் காஃபின் இருக்கிறதே!