துணி வெளுத்த கை, தொழிற்சாலை கட்டியது!

சலவைத் தொட்டியின் முன் ஒரு பெண் குனிந்து நின்றாள். முழங்கை வரை சோப்பு நுரை. "வயதாகி முதுகு வளையாமல் போனால் நம் கதி என்ன?" என்ற கவலை அவளுக்கு வந்தது.

அந்தக் கவலைதான் அவளை முதலாளி ஆக்கியது!

அவள் பெயர் சாரா. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 1867-ம் ஆண்டு பிறந்தவள். கறுப்பினத்தைச் சேர்ந்தவள். பெற்றோர் பருத்திக்காட்டில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள்.

7 வயதில் சாரா தாய் தந்தையை இழந்தாள். 14 வயதில் திருமணம். 20 வயதில் விதவை! கையில் ஒரு பெண் குழந்தை.

மூடிய கதவு

குழந்தையுடன் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனாள். அடிமைமுறை ஒழிந்துவிட்டது, ஆனால் கறுப்பினப் பெண்ணுக்குக் கடையிலோ அலுவலகத்திலோ வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. வெள்ளையர் வீட்டில் சமைக்கலாம்; பிள்ளை வளர்க்கலாம்; துணி வெளுக்கலாம். அவ்வளவுதான்!

சாரா துணி வெளுத்தாள். அந்தச் சொற்பக் கூலியில் மகளைப் படிக்க வைத்தாள்.

இதற்கிடையே அவளுடைய தலைமுடி உதிரத் தொடங்கியது. தண்ணீர்க் குழாய் இல்லாத வீடுகளில் அடிக்கடி தலை முழுக முடியாது. அதனால் பல ஏழைப் பெண்களுக்கு இதே தொல்லை.

அன்னி மலோன் என்ற கறுப்பினப் பெண்மணி கூந்தல் மருந்து தயாரித்து வந்தார். சாரா அதை வாங்கி விற்றாள். 1905-ல் டென்வர் நகருக்குச் சென்றாள். அடுத்த ஆண்டு சார்லஸ் வாக்கர் என்பவரை மணந்து, சொந்தமாகத் தலைக்குத் தடவும் களிம்பு தயாரித்தாள்.

வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்களை மரியாதையாக அழைக்காத காலம் அது. வெறும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சாராவோ, தன் சரக்குக்கு "மேடம் சி.ஜே. வாக்கர்" என்றே பெயர் வைத்தாள். அன்று முதல் அவள், "அவர்" ஆனார்!

எழுந்து நின்றார்

1910-ல் இந்தியானாபோலிஸ் நகரில் குடியேறி, அங்கே தொழிற்சாலை கட்டினார். 1912-ல் சிகாகோவில் கறுப்பின வணிகர்கள் மாநாடு. தலைவர் புக்கர் வாஷிங்டன், பெண்ணான இவருக்குப் பேச வாய்ப்பு அளிக்கவில்லை. மேடம் வாக்கர் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றார். பருத்திக்காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் வந்து, பிறகு தாமே தொழில் தொடங்கிய கதையைச் சொன்னார்.

மறு ஆண்டு, அதே மாநாட்டில் அவருக்கு மேடை கிடைத்தது!

ஆயிரக்கணக்கான பெண்கள் அவருடைய சரக்கை வீடு வீடாக விற்றார்கள். அவர்களில் 200 பேருக்கு மேல் 1917-ல் பிலடெல்பியாவில் கூடினர். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்தார். அதிகம் தருமம் செய்தவர்களுக்கும் கொடுத்தார்! கறுப்பின மக்களைக் கும்பலாகக் கொல்லும் கொடுமையைத் தடுக்கக் கோரி, அந்தப் பெண்கள் ஜனாதிபதிக்குத் தந்தியும் அடித்தனர்.

மேடம் வாக்கர் 1919-ல், 51-வது வயதில் காலமானார்.

வியாபார ஆசை அவரைத் தொழிலுக்கு இழுக்கவில்லை. வேறு கதவு திறக்கவில்லை, அதுதான் காரணம். திறக்காத கதவின் முன் அவர் காத்து நிற்கவில்லை. தாமே ஒரு வாசல் வைத்தார். தமக்குப் பின்னால் வந்தவர்களுக்காக, அதைத் திறந்தே வைத்தார்.