ஒரு மூச்சு எங்கே முடிகிறது?

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையில் சாரல் தூவத் தொடங்கியதும், கடையநல்லூர்க் குடும்பங்கள் சோற்று மூட்டையுடன் குற்றாலத்திற்குப் புறப்படுவது வழக்கம். அருவியின் கீழ் தலையைக் கொடுக்கிறோம், மூச்சு முட்டுகிறது, சற்றே விலகி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொள்கிறோம். அந்தக் காற்று எங்கே செல்கிறது? நுரையீரலுக்கு என்போம். அது பாதி விடையே. நுரையீரல் வாசல் மட்டுமே. மூச்சு சென்று முடிகிற இடம், கண்ணுக்குத் தெரியாத உயிரணுவின் உள்ளே இருக்கிறது.

அடுப்பில் விறகு எரியும்போது பிராணவாயு செலவாகிறது; வெப்பமும் கரியமிலவாயுவும் வெளிப்படுகின்றன. நாம் உண்ட சோறும் சர்க்கரையாக மாறி, உயிரணுக்களில் இவ்வாறே பிராணவாயுவுடன் சேர்ந்து கரியமிலவாயுவாகவும் நீராகவும் ஆகிறது. ஆயினும் அங்கே தீயில்லை, புகையில்லை. ஒரேயடியாக எரிந்தால் உயிரணு கருகிவிடும் அன்றோ? ஆதலால் சர்க்கரை படிப்படியாகச் சிதைக்கப்படுகிறது. இப்பணியின் பெரும்பகுதி மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளில் நடைபெறுகிறது. வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி உடலின் வெதுவெதுப்பாகிறது; மறு பகுதி ஏ.டி.பி. என்னும் பொருளில் சேர்கிறது.

பெரிய நோட்டை நீட்டினால் பெட்டிக்கடைக்காரர் சில்லறை கேட்பார். உயிரணுவும் அப்படித்தான். சர்க்கரை பெரிய நோட்டு, ஏ.டி.பி. சில்லறை. தசை சுருங்கவும், நரம்பு செய்தி அனுப்பவும் இந்தச் சில்லறையே செல்லும்.

இச்சில்லறையைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பது பலர் அறியாத செய்தி. அவர் எல்லாப்பிரகதா சுப்பாராவ். 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கையில் கதர் உடுத்தியதால் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார் என்பர். பின்னர் அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் எளிய பணிகள் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ந்தார். சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து 1927-இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் தசையில் கண்டறிந்தார். அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனித்து ஏ.டி.பி.யைக் கண்டார். உயிர்களின் பொது நாணயம் இதுவே என்னும் கருத்தை 1941-இல் ஃபிரிட்ஸ் லிப்மன் விளக்கினார். சுப்பாராவ் 1948-இல் காலமானார்.

இந்நாணயத்திற்கு ஒரு குறை உண்டு: சேர்த்து வைக்க முடியாது. உடலில் எந்நேரமும் இருப்பது கால் கிலோவுக்கு மேல் இராது. ஆனால் ஒரு நாளில் நாம் செலவழிப்பதோ ஏறத்தாழ நம் உடல் எடையளவு! செலவான நாணயமே மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுகிறது.

கடையநல்லூர் நெசவாளி தறியின் மிதியை அழுத்துகிறார். பாஸ்போகிரியேட்டின் என்னும் சிறு கையிருப்பு சில நொடிகளுக்கே தாங்கும். பின்னர் சர்க்கரையைச் சிதைத்தாக வேண்டும். பிராணவாயு இருந்தால் ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும், இல்லையெனில் இரண்டே இரண்டு. கால் தசை அந்த இரண்டைக் கொண்டு சற்று நேரம் சமாளிக்கும். மூளையால் இயலாது. பிராணவாயு நின்ற சில நிமிடங்களிலேயே மூளையின் உயிரணுக்கள் மடியத் தொடங்கும்.

பெற்றோரே, நாம் நெஞ்சில் பதிக்க வேண்டியது இதுவே. அருவித் தடாகத்திலோ, குளத்திலோ, வயல் கிணற்றிலோ பிள்ளை மூழ்கிவிட்டால் ஒவ்வொரு நொடியும் உயிர் விலையுடையது. நீந்தத் தெரியாதவர் குதிக்கலாகாது. கயிறோ வேட்டியோ வீசி இழுக்க வேண்டும். கரைசேர்த்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் வீண். பொன்னான நிமிடங்கள் போய்விடும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் பிள்ளையை மல்லாத்திக் கிடத்தட்டும். மூச்சு இல்லையெனில் தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதட்டும். அசைவோ மூச்சோ திரும்பாவிடில் மார்பின் நடுவே 30 முறை விரைந்து அழுத்துவதும், இரு முறை ஊதுவதுமாக, உதவி வரும்வரை தொடரட்டும். இதனை முறையாகப் பயிற்றுவிப்போரிடம் ஒரு நாள் செலவிட்டுக் கற்றுக்கொள்வது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கேனும் கடமையாகும்.

நாம் விட்ட மூச்சு பிறருக்கு உதவுமா என ஐயுறலாம். உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. வெளிவிடும் மூச்சில் இன்னும் 16 விழுக்காடு எஞ்சியிருக்கிறது. நமக்கு மிஞ்சிய அந்த மூச்சு, மற்றொரு பிள்ளையின் உயிரணுவில் சென்று முடியும்போது, அணைய இருந்த விளக்கு மீண்டும் சுடர்கிறது.