நில உபயோக மாற்றமும் கிழக்குக் கொல்கத்தாவின் மீன்குளங்களும்

கொல்கத்தாவில் ஒரு நிலத்தின் உபயோகத்தை மாற்றுவது மாநகராட்சியின் கட்டட அனுமதியோடு முடிவதன்று. 1979ஆம் ஆண்டின் மேற்கு வங்க நகர் ஊரமைப்புச் சட்டப்படி, திட்ட அதிகார அமைப்பு நில உபயோகத் திட்டம் தயாரித்து, பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டு, அரசின் ஒப்புதலைப் பெறவேண்டும். முறை சரியானதே, ஆனால் அறிவிப்பு மீன் வளர்ப்போரை எட்டுகிறதா?

நகரின் கிழக்கே 'பேரி' எனப்படும் மீன்குளங்கள் உள்ளன. நகரின் கழிவுநீரை வெயிலும் பாசியும் அங்கே தூய்மை செய்ய, அதுவே மீனுக்கு உணவாகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் செலவு நகருக்கு மிச்சம். 1960களில் ஒரு பகுதியைத் தூர்த்தே சால்ட் லேக் நகரியம் எழுந்தது. பின்னர் எஞ்சிய பகுதியில் வர்த்தக மையம் அமைக்க அரசு முனைந்தபோது, 'பப்ளிக்' என்னும் குடிமக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1992இல் உயர்நீதிமன்றம் அங்கு நில உபயோக மாற்றத்தைத் தடைசெய்தது.

2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனி அதிகார அமைப்பின் முன் அனுமதியின்றி அங்கு நிலத்தின் தன்மையை மாற்றலாகாது. ஆயினும், கழிவுநீர் வரத்து நின்ற குளம் பதிவேட்டில் குளமாக நீடித்தாலும் மீன் தராது. கால்வாயைத் தூர்வாரும் செலவு எத்துறையின் கணக்கில் என்பதும் நில உபயோகப் பிரச்சினையே.