ஒரு கோரை மட்டும் தனியா விடுங்க

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு 'டப்' சத்தம்.

விழுப்புரத்துலிருந்து செஞ்சி போற வழியில மண்டகப்பட்டு இருக்கு. அதுக்குப் பக்கத்து ஊர்ல திரௌபதி அம்மன் திருவிழா, ராத்திரி தெருக்கூத்து. சவுண்டை நான் பார்த்துக்கறேன்னு வாயைக் கொடுத்துட்டேன். மிக்ஸர் வாடகையை மிச்சம் பண்ணலாம்னு ஒரு புத்திசாலித்தனம்: எல்லா மைக்கையும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியா என் லினக்ஸ் லேப்டாப்புக்குள்ள விட்டு, இரைச்சலை வடிகட்டி, ஸ்பீக்கருக்கு அனுப்பறது. கூடவே ரெக்கார்டிங்கும் ஆகிடும்.

கூத்து வாத்தியார் முதல் பாட்டுலேயே நிறுத்திட்டார். "தம்பி, என் குரலு எனக்குப் பின்னாடி வருதுப்பா. தாளம் எப்படி நிக்கும்?"

அவர் சொன்னது சரி. பஃபரை 1024 சாம்பிள்ல வெச்சிருந்தேன். நொடிக்கு 48,000 சாம்பிள்னா ஒரு பஃபர் நிறைய 21 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவைன்னு 40ஐத் தாண்டிடும். ஸ்பீக்கரை 14 மீட்டர் தள்ளி வெச்ச மாதிரி. உடனே 64 சாம்பிளுக்கு இறக்கினேன், அதாவது 1.3 மில்லிசெகண்ட். தாளம் நின்னுச்சு. ஆனா விடிய விடிய மத்தளத்துக்கு நடுவுல அந்த 'டப்', 'டப்'. ரெக்கார்டிங்லயும் அதேதான். அந்த ஊர்ல இனி அந்தக் கூத்து அடுத்த வருஷம்தான். வாத்தியாருக்கோ எழுபது தாண்டிடுச்சு.

எரிச்சலான விஷயம் என்னன்னா, லேப்டாப் திணறவே இல்ல. டாப் கமாண்ட்ல பார்த்தா எட்டு கோரும் பெரும்பாலும் சும்மா இருக்கு. அப்புறம் ஏன்?

64 சாம்பிள்னா ஆடியோ த்ரெட் நொடிக்கு 750 தடவை எழுந்து வேலையை முடிக்கணும். 749 தடவை சரியா வந்து, ஒரே ஒரு தடவை 2 மில்லிசெகண்ட் லேட்டானாலும் சராசரி அழகாத்தான் இருக்கும். ஸ்பீக்கர்ல மட்டும் 'டப்'னு கேட்கும். இங்கே வேகம் பிரச்சினை இல்ல. ரிசப்ஷன்ல உட்கார்ந்து கணக்கு எழுதற மாதிரிதான்: கணக்கு சுலபம், ஆனா யார் எப்போ வந்து கூப்பிடுவாங்கன்னு தெரியாது.

கூப்பிடறவங்க நிறைய பேர். வைஃபை கார்டு இன்டரப்ட் அனுப்பும். கெர்னல் தள்ளிப்போட்ட வேலையையெல்லாம் அந்த நேரம் பார்த்து எடுக்கும். டைமர் டிக் நொடிக்கு 250 அல்லது 1000 தடவை வந்து தட்டும். ஆழ்ந்த பவர் சேவிங்ல தூங்கின கோர் எழுந்திருக்கவே கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆடியோ த்ரெட்டுக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுத்தா மத்த ப்ரோக்ராம்களை முந்தலாம்; சாதாரண கெர்னல்ல இன்டரப்டை முந்த முடியாது. ப்ரீயம்ப்ட் ஆர்டி அதுல பெரும்பகுதியைச் சரி பண்ணும். ஏறக்குறைய 20 வருஷம் தனி பேட்ச்சா இருந்துட்டு, 2024 நவம்பர்ல வந்த லினக்ஸ் 6.12லதான் மெயின் கெர்னலுக்குள்ள வந்துச்சு.

இன்னொரு வழி, ஒரு கோரையே ஒதுக்கறது. கெர்னலை பூட் பண்ணும்போதே சொல்லிடணும். 'ஐசோல்சிபியூஸ்' போட்டா ஷெட்யூலர் அந்தக் கோர்ல சாதாரண வேலையை வைக்காது. 'ஐஆர்க்யூ அஃபினிட்டி' இன்டரப்டுகளை மத்த கோர்களுக்கு அனுப்பும். 'நோ ஹெர்ட்ஸ் ஃபுல்' அந்தக் கோர்ல ஒரே ஒரு வேலை மட்டும் ஓடும்போது டிக்கை நிறுத்தும். 'ஆர்சியூ நோ சிபிஸ்' கெர்னலோட துப்புரவு வேலையை வெளியே தள்ளும். அப்புறம் டாஸ்க்செட் வெச்சு ஆடியோ த்ரெட்டை மட்டும் அங்கே உட்கார வைக்கணும். மொத்த ப்ரோக்ராமையும் தள்ளிடாதீங்க, அதோட ஜன்னல் வரையற த்ரெட்டும் சேர்ந்து வந்துடும். ஆடியோ இன்டர்ஃபேஸ் மாட்டியிருக்கற யூஎஸ்பி கன்ட்ரோலரோட இன்டரப்டை மட்டும் விதிவிலக்கா இங்கேயே வரவழைக்கணும். அது வேற கோர்ல க்யூவுல நின்னா எல்லாமே வீண்.

கவனிச்சீங்களா, எல்லாமே 'இது வேணாம், அது வேணாம்'தான். கூத்து முடிஞ்ச காலையில மண்டகப்பட்டு குடைவரைக்குப் போயிருந்தேன். பல்லவன் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டுல குடைஞ்ச கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்காகச் செஞ்சதுன்னு அவனோட கல்வெட்டு சொல்லுது. எது இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி எது இல்லைன்னு பட்டியல் போட்ட ஆள். தூக்கம் இல்லாத மண்டைக்கு அது கெர்னல் பாராமீட்டர் மாதிரியே தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து கோர் 3ஐ ஒதுக்கினேன். அப்பவும் 'டப்' போகல. ரெண்டு நாள் மண்டையை உடைச்சேன். ஹைப்பர்த்ரெடிங்! லினக்ஸ் எட்டு கோர்னு காட்டினாலும் நிஜத்துல இருக்கறது நாலுதான். என் மெஷின்ல 3ம் 7ம் ஒரே கோரோட ரெண்டு பாதி. 3ஐக் கோயில் கருவறை மாதிரி வெச்சுட்டு, 7ல வீடியோ என்கோடரை ஓட்டிட்டிருந்தேன். ரெண்டையும் சேர்த்து ஒதுக்கணும். எது எதோட ஜோடின்னு எல்எஸ்சிபியூ கமாண்ட் காட்டும். உங்க மெஷின்ல எண்கள் மாறலாம்.

அளக்கறதுக்கு சைக்ளிக்டெஸ்ட். அதுல சராசரியைப் பார்க்காதீங்க, அதிகபட்சத்தை மட்டும் பாருங்க. அஞ்சு நிமிஷம் போதாது, ராத்திரி முழுக்க ஓடணும். எல்லாம் பண்ணியும் திடீர்னு ஒரு பெரிய எண் வந்தா, மதர்போர்டோட ஃபர்ம்வேரைச் சந்தேகப்படுங்க. அது கெர்னலுக்கே தெரியாம சிபியூவை நிறுத்தும். எந்த பாராமீட்டரும் அதைத் தடுக்காது.

இதெல்லாம் ஆடியோக்காரங்க சமாசாரம்னு நினைக்காதீங்க. 5ஜி டவருக்கான சாஃப்ட்வேரை சாதாரண சர்வர்ல ஓட்டறவங்களும் இதைத்தான் பண்றாங்க. 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜில வழக்கமா ஒரு ஸ்லாட் அரை மில்லிசெகண்ட். தவறினா அந்த ஸ்லாட்ல வந்த டேட்டா போச்சு. அதனால சில கோர்களை அந்த வேலைக்குன்னே எழுதிக் கொடுத்துடுவாங்க.

விலை இருக்கு. நாலு கோர் மெஷின்ல ஒண்ணு போச்சுன்னா கால்வாசி போச்சு. கம்பைல் பண்ணும்போது அந்தக் கோர் கையைக் கட்டிட்டு வேடிக்கை பார்க்கும். நிறைய பேர் வாரக்கடைசி உற்சாகத்துல இதைப் போட்டுட்டு, அப்புறம் மெஷின் ஸ்லோன்னு புலம்பறாங்க. வெறும் ரெக்கார்டிங்னா இது எதுவுமே வேணாம், பஃபரைப் பெருசாக்கிட்டுப் போயிட்டே இருங்க. பாடறவர் காதுக்கு உடனே திரும்பணும்னாதான் இந்தப் பாடு.

என் லேப்டாப் பூட் மெனுல இப்போ ரெண்டு வரி இருக்கு. ஒண்ணு வழக்கமானது. இன்னொண்ணுக்கு 'கூத்து'ன்னு பேர் வெச்சிருக்கேன். அடுத்த திருவிழாவுக்கு வரேன்னு வாத்தியார்கிட்ட சொல்லியாச்சு. "வா தம்பி, ஆனா அந்தப் பொட்டிய நம்பி வராத, மிக்ஸரும் எடுத்தா"ன்னார்.